கூட்டு ஒப்பந்த வாக்கெடுப்பு: கைபேசியிலா, காகிதத்திலா? சங்கச் செயலவைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிர்வாகத்தோடு மாதக்கணக்கில் பேசி, ஒரு வழியாகக் கூட்டு ஒப்பந்தத்தின் வரைவு கைக்கு வந்துவிட்டது. அடுத்த செயலவைக் கூட்டத்தில் யாராவது ஒருவர், "உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு வைத்துவிடுவோம்" என்பார். "கூகள் ஃபார்ம் போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்தது" என்று இன்னொருவர் சொல்வார். சங்கத்தில் முப்பது வருடம் இருந்த அண்ணன் ஒருவர், "பெட்டி வைக்காமல் என்ன வாக்கெடுப்பு?" என்று கேட்பார். இதிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

மலேசியாவில் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலைச் சங்கம் இரண்டு வழியிலும் வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. எந்தத் தாளை யார் வைத்திருக்க வேண்டும், எதற்கு எவ்வளவு நாள் ஆகும், எந்த இடத்தில் சண்டை வரும் என்று எங்களுக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

கூட்டு ஒப்பந்தம் குறைந்தது 3 ஆண்டுக்குச் செல்லும். வாக்கெடுப்பில் சந்தேகம் விழுந்தால் அந்தச் சந்தேகமும் 3 ஆண்டு கூடவே வரும், சந்தா நிறுத்தும் கடிதங்களும் வரும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும். ஓர் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று, செயலவையையும் சேர்த்து, யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி இருக்கிறதா? தோற்ற தரப்பு எண்ணிக்கையைத் தானே சரிபார்க்க முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத வழியைத் தொடாதீர்கள்.

1. முதலில் சங்க விதிப் புத்தகத்தைத் திறங்கள்

கூட்டு ஒப்பந்தத்தைக் கட்டாயம் உறுப்பினர் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று மலேசியச் சட்டம் சொல்லவில்லை. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், காலம் 3 ஆண்டுக்குக் குறையக் கூடாது, அதைத் திருத்துவதற்கும் முடிப்பதற்கும் தகராறுகளைத் தீர்ப்பதற்கும் நடைமுறை எழுதியிருக்க வேண்டும். வாக்கெடுப்பு என்பது உங்கள் சங்க விதியிலிருந்தோ, பொதுக்கூட்டத் தீர்மானத்திலிருந்தோ, நெடுநாள் வழக்கத்திலிருந்தோ வருவது. எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "யார் உங்களுக்கு இந்த அதிகாரம் கொடுத்தது?" என்ற கேள்விக்கு அந்த நகல்தான் பதில்.

இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. 1959ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் சில விஷயங்களுக்கு ரகசிய வாக்கெடுப்பைக் கட்டாயமாக்குகிறது. பொறுப்பாளர் தேர்தல், வேலைநிறுத்தம், சிறப்பு வசூல், சங்கத்தைக் கலைப்பது, வேறு சங்கத்தோடு இணைப்பது ஆகியவை அதில் அடங்கும். இவற்றுக்குப் படிவமும் நடைமுறையும் உண்டு. வேலைநிறுத்தம் என்றால், வாக்களிக்கத் தகுதியுள்ள மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அது தவறு. முடிவைத் தொழிற்சங்க விவகார இலாகாவின் தலைமை இயக்குநருக்கு அனுப்பி 7 நாள் கழியும்வரை வேலையை நிறுத்தவும் முடியாது.

இந்த வகை வாக்கெடுப்புகளுக்குக் காகிதத்தைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்வழிதான் வேண்டும் என்று செயலவை பிடிவாதமாக நின்றால், முதலில் இலாகாவிடம் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒரு அதிகாரி "பரவாயில்லை" என்று சொன்னதெல்லாம் பிறகு நிற்காது. கூட்டு ஒப்பந்தத்துக்கான வாக்கெடுப்பில் மட்டும்தான் சங்கத்துக்கு வழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் கொஞ்சம் அதிகம்.

அப்புறம், வாக்கெடுப்பு நடத்துவது, எந்த வழி, எந்தத் தேதி, எத்தனை பேர் வாக்களித்தால் செல்லும், சமமாக வந்தால் என்ன செய்வது என்ற ஐந்தையும் செயலவைக் கூட்டக் குறிப்பில் தீர்மானமாக எழுதுங்கள். முடிவு வந்த பிறகு இதில் ஒன்றைக்கூட முடிவு செய்யக் கூடாது.

2. வாக்காளர் பட்டியல்: பாதி வேலை இதுதான்

எந்த வழியில் நடத்தினாலும் பட்டியல் கெட்டிருந்தால் வாக்கெடுப்பும் கெட்டது. உங்களுக்கு இரண்டு ஆவணங்கள் தேவை. ஒன்று சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு. மற்றது, சம்பளத்தில் சந்தா பிடித்த கடைசி மாதப் பட்டியல், இது எச்ஆரிடமிருந்து (நிர்வாகத்தின் மனிதவளப் பிரிவு) வரும். இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது. ராஜினாமா செய்தவர் பதிவேட்டில் இருப்பார். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சந்தா பிடிக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். சூப்பர்வைசராக இருந்து எக்சிகியூட்டிவ் பதவிக்குப் போனவருக்கு இன்னமும் சந்தா போய்க்கொண்டிருக்கும், ஆனால் அவர் ஒப்பந்தத்தின் வரம்புக்கு வெளியே போய்விட்டார். சம்பளமில்லா விடுப்பில் இருப்பவருக்குச் சந்தா பிடிபட்டிருக்காது, ஆனாலும் அவர் உறுப்பினர்தான்.

ஒவ்வொரு முரண்பாட்டையும் சங்க விதிப்படி தீர்த்து, காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். சந்தா நிலுவை உள்ளவருக்கு வாக்கு உண்டா என்பதற்கும் விதியில் பதில் இருக்கும். அதைச் செயலவை தன் விருப்பப்படி தளர்த்தவோ இறுக்கவோ கூடாது.

எச்ஆர் பட்டியல் தருவதற்கு நாளாகும். மாதக் கடைசியில் கேட்டால் சம்பள வேலை ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த மாதம் வா என்பார்கள். சம்பளம் போட்ட மறுவாரம் கடிதம் கொடுப்பதுதான் சரியான நேரம்.

பிறகு பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெயரும் பணியாளர் எண்ணும் போதும், அடையாள அட்டை எண்ணை ஒருபோதும் ஒட்டாதீர்கள். ஆட்சேபத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். அந்த வாரம் முடிந்ததும் செயலாளர் கையெழுத்திட்டுப் பட்டியலை மூடிவிட வேண்டும். வாக்கெடுப்பு அன்று காலையில் "என் பெயர் இல்லையே" என்று வருகிறவரை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். காகிதத்தில் என்றால் அவருடைய சீட்டைத் தனி உறையில் வைத்து, தகுதியைச் சோதித்த பிறகு பெட்டியில் சேர்க்கலாம்.

சங்கத்தில் சேராத சக தொழிலாளர்களும் வந்து கேட்பார்கள்: "ஒப்பந்தம் எனக்கும்தானே பொருந்துகிறது, எனக்கு ஏன் வாக்கு இல்லை?" நியாயமான கேள்விதான். தொழிலியல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கூட்டு ஒப்பந்தம் அந்த இடத்தில் அதன் வரம்புக்குள் வேலை செய்யும் உறுப்பினர் அல்லாதவர்களையும், பிறகு சேருகிறவர்களையும் கட்டுப்படுத்தும். ஆனால் இது சங்கத்தின் உள் முடிவு, வாக்கு உறுப்பினருக்கு மட்டும். கோபப்படாமல் உறுப்பினர் படிவத்தை நீட்டுங்கள். எங்களுக்கு நல்ல உறுப்பினர்கள் பலர் இப்படித்தான் வந்தார்கள்.

3. கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்

"இந்தக் கூட்டு ஒப்பந்த வரைவை ஏற்கிறேன் / ஏற்கவில்லை." இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். "ஏற்காவிட்டால் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதிக்கிறேன்" என்று கூடச் சேர்ப்பது பெரிய தவறு. வேலைநிறுத்தத்துக்குத் தனி வாக்கெடுப்பு, தனி விதி என்று மேலே சொல்லிவிட்டேன்.

"ஏற்கவில்லை" என்றால் என்ன நடக்கும் என்று உறுப்பினருக்குத் தெரிய வேண்டும். மறுபடி நிர்வாகத்தோடு உட்கார வேண்டியிருக்கும். பேச்சு முறிந்தால் தகராறைத் தொழிலியல் உறவு இலாகாவில் பதிந்து, சமரசம் பேசி, அதிலும் தீராவிட்டால் விஷயம் தொழிலியல் நீதிமன்றம் வரை போகலாம். அதற்குள் புதிய சம்பளம் வராது. இதைப் பயமுறுத்தலாகச் சொல்லாமல் நடைமுறையாக ஒரு பத்தியில் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள்.

வரைவின் சுருக்கமும் தேவை, இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் இருக்கட்டும். நேப்பாள, வங்காளதேச உறுப்பினர்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் வேண்டும். அவர்களும் சந்தா கட்டுகிறார்கள். சுருக்கத்தில் பழைய ஒப்பந்தம், புதிய ஒப்பந்தம், சட்டத்தின் குறைந்தபட்சம் என்ற மூன்று பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவது பத்திதான் முக்கியம். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம், பேறுகால விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள் என்பதெல்லாம் சட்டப்படியே கிடைப்பவை. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதும் அப்படியே. இவற்றை "சங்கம் வாங்கிக் கொடுத்தது" என்று எந்தச் செயலவையும் எழுதக் கூடாது. எதற்காக வாக்களிக்கிறோம் என்று உறுப்பினர் அறிய வேண்டுமானால், சட்டத்துக்கு மேல் எவ்வளவு கிடைக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

முழு வரைவையும் சங்க அறையிலும் கேண்டீனிலும் வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் இரு தரப்பும் சுருக்கொப்பம் இட்ட பிரதியாக அது இருக்கட்டும். வாக்கெடுப்புக்குப் பிறகு பக்கம் மாறியது என்ற பேச்சு எழாது.

4. எந்த வழி?

எல்லாரும் ஒரே கட்டடத்தில், இரண்டு ஷிஃப்டில் வேலை செய்தால் காகிதம்தான். யோசிக்கவே வேண்டாம். உறுப்பினர் தன் கையால் போட்ட சீட்டு பெட்டிக்குள் விழுவதைப் பார்க்கிறார், எதிர்த்தவர் பக்கத்தில் நின்று எண்ணுவதைப் பார்க்கிறார். கணினி தெரியாதவருக்கும் இந்தச் சரிபார்ப்பு புரியும்.

தீவில் ஒரு கிளை, பிறையில் ஒரு கிளை, கூலிமில் ஒரு கிடங்கு, பாதிப் பேர் வெளியூர் வேலையில் என்று சிதறிக் கிடக்கும் சங்கத்துக்குக் காகிதம் கடினம். வங்கிக் கிளைகள், காவல் இல்லாத சிறு அலுவலகங்கள் போன்ற இடங்களில் பெட்டி வைக்கவே ஆள் கிடைக்காது. அங்கே மின்வழிக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் "எல்லார் கையிலும் போன் இருக்கிறதே" என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். தூசி புகாத கிளீன் ரூமில் வேலை செய்கிறவர்களின் போன் லாக்கரில் பூட்டிக் கிடக்கும். 12 மணி நேர ஷிஃப்ட் முடிந்து சுங்கை பட்டாணிக்கும் பாரிட் புந்தாருக்கும் போகிற பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். மூத்த அக்காமார்களின் எண்ணாகப் பதிவேட்டில் இருப்பது மகனுடைய எண். ப்ரீபெய்ட் சிம் மாற்றியவர்கள் சொல்ல மறந்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், தெரியாத லிங்க்கைத் தொடாதே என்று மோசடிச் செய்திகள் எல்லாரையும் பயிற்றுவித்திருக்கின்றன. சங்கம் அனுப்பும் லிங்க்கையும் பலர் தொட மாட்டார்கள். அவர்கள் செய்வது சரியும்கூட.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். கேண்டீன் மூலையில் மறைப்புக்குப் பின்னால் வாக்களிக்கும்போது தனியாக இருக்கிறோம். வீட்டிலோ, லைன் லீடர் பக்கத்தில் நிற்கும்போதோ போனில் வாக்களித்தால் அந்தத் தனிமை உறுதியில்லை. கணவனும் மனைவியும் ஒரே தொழிற்சாலை, ஒரே போன் என்ற வீடுகள் எங்கள் சங்கத்திலேயே உண்டு.

என் தீர்ப்பு: தொழிற்சாலைக்குக் காகிதம். சிதறிய கிளைகளுக்கு மின்வழி, ஆனால் அதற்கென்றே உருவான முறையில் மட்டும். இரண்டையும் கலப்பது கடைசி வழி, அதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

5. காகிதத்தில் நடத்தினால்

முதல் வேலை வாக்குச் சோதனைக் குழு. செயலவையில் இல்லாதவர்களாக, ஷிஃப்டுக்கு ஒருவராவது இருக்கும்படி, ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசியவர் ஒருவரையும் சேர்த்து நியமியுங்கள். எதிர்த்தவர் உள்ளே இருந்தால் முடிவை எல்லாரும் ஏற்பார்கள். நியமனக் கடிதம் எழுத்தில் இருக்கட்டும்.

இடத்துக்கும் நேரத்துக்கும் நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கேண்டீன் நல்ல இடம். எச்ஆர் அலுவலக வாசலும், கேமராவின் நேர் கீழேயும் ஆகாது. சங்க நடவடிக்கையில் தலையிடவோ வற்புறுத்தவோ முதலாளிக்கு உரிமை இல்லை என்று தொழிலியல் உறவுச் சட்டம் சொல்கிறது. ஆகவே நிர்வாகத் தரப்பில் யாரும் வாக்களிப்பு இடத்தில் நிற்க வேண்டாம் என்பதைக் கடிதத்திலேயே மரியாதையாக எழுதிவிடுங்கள்.

வாக்குச் சீட்டில் வரிசை எண் போட ஆசை வரும், போடாதீர்கள். எண் சீட்டில் இருந்து, கையெழுத்துப் பட்டியலில் பெயர்களும் வந்த வரிசையிலேயே இருந்தால், யார் எப்படி வாக்களித்தார் என்று உட்கார்ந்து கண்டுபிடித்துவிடலாம். எண் வேண்டுமென்றால் கிழித்து வைத்துக்கொள்ளும் அடிக்கட்டையில் மட்டும் இருக்கட்டும். சீட்டின் பின்புறம் சங்க முத்திரையும் சோதனைக் குழுவில் ஒருவரின் சுருக்கொப்பமும் போதும். கள்ளச் சீட்டைத் தடுக்க வித்தியாசமான நிறத் தாள் உதவும். எத்தனை சீட்டு அச்சடித்தோம் என்பதை அச்சடித்த அன்றே எழுதிக் கையெழுத்திடுங்கள்.

நடைமுறை எளிது. பெட்டியைத் திறந்து காலியென்று காட்டி, பூட்டி, ஒட்டுநாடாவின் மேல் மூவர் கையெழுத்திட வேண்டும். பணியாளர் அட்டையைப் பார்த்துப் பட்டியலில் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு சீட்டு, மறைப்பு, பெட்டி. மறைப்புக்குள் போன் கொண்டுபோக விடாதீர்கள். சீட்டைப் படமெடுத்துக் காட்டும்படி யாராவது கேட்டிருந்தால், "உள்ளே போன் விடமாட்டேன் என்கிறார்கள்" என்று சொல்லித் தப்பிக்க உறுப்பினருக்கு இது ஒரு வழி.

ஏ, பி, சி, டி என நான்கு குழு மாறி மாறி வேலை செய்யும் இடத்தில் வாக்களிப்பு பல நாள் நீளும். இரவில் பெட்டி எங்கே இருக்கும் என்பதில்தான் பெரும்பாலான சண்டை பிறக்கிறது. தலைவர் வீட்டிலும் யாருடைய கார் டிக்கியிலும் வைக்காதீர்கள். சங்க அறையில் இரண்டு பூட்டுப் போட்ட அலமாரிக்குள் வைத்து, சாவிகளை வெவ்வேறு ஷிஃப்டைச் சேர்ந்த இருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் முடிவில் சீட்டு நுழையும் வாயையும் ஒட்டி, கையெழுத்தும் நேரமும் எழுதுங்கள். பினாங்குப் பாலம் கடந்து பெட்டி வர வேண்டுமென்றால் காரில் இருவராவது இருக்க வேண்டும், வழியில் சாப்பிட நிற்க வேண்டாம்.

மருத்துவ விடுப்பிலோ பேறுகால விடுப்பிலோ இருப்பவர்களுக்கு இரட்டை உறை அனுப்பலாம். உள் உறையில் பெயர் இல்லாத சீட்டு, வெளி உறையில் பெயரும் கையெழுத்தும். வெளி உறையைச் சோதித்துப் பட்டியலில் குறித்த பிறகு, உள் உறையைத் திறக்காமல் பெட்டிக்குள் போடுங்கள்.

6. மின்வழியில் நடத்தினால்

கூகள் ஃபார்ம், வாட்சாப் 'போல்' (poll, கருத்துக்கணிப்பு), டெலிகிராம் 'போல்' மூன்றும் கருத்துக் கேட்க நல்லவை. தீபாவளி விருந்து எந்த நாளில் என்று கேளுங்கள். ஒப்பந்தத்துக்கு வேண்டாம். வாட்சாப் 'போலில்' யார் எதைத் தொட்டார்கள் என்று குழுவில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். கூகள் ஃபார்மில் ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தினால் கூகள் கணக்கில் நுழையச் சொல்லும், கட்டுப்படுத்தாவிட்டால் ஒருவரே பத்து முறை அனுப்பலாம். பதில்கள் நேரக் குறிப்போடு ஒரு தாளில் விழும். இரவு ஷிஃப்ட் இடைவேளையில் மூன்று பேர் மட்டும் பதில் அனுப்பியிருந்தால் அது யார் என்று ஊகிக்கக் கணிதம் தேவையில்லை. அந்தத் தாளை வைத்திருப்பவர் ஒரு வரியை மாற்றினாலும் வெளியில் தெரியாது. ஆரம்பத்தில் சொன்ன இரண்டு கேள்விகளிலும் இது தோற்றுவிடுகிறது.

வாக்கெடுப்புக்கென்றே உருவான முறைகள் உண்டு. ஹீலியோஸ் என்பது 2008இல் வெளிவந்த இலவச முறை. வாக்கு உங்கள் கருவியிலேயே குறியாக்கம் செய்து பூட்டப்பட்டு அனுப்பப்படும், உங்கள் பூட்டிய வாக்குக்கு ஓர் அடையாளக் குறி கிடைக்கும், அது பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். மொத்தக் கூட்டல் சரியா என்று யாரும் சோதிக்கலாம். சிக்கல் என்னவென்றால் அதற்கு மின்னஞ்சல் வேண்டும், ஆங்கிலம் ஓரளவு தெரிய வேண்டும். வற்புறுத்தலுக்கு இடமுள்ள தேர்தலுக்கு இது ஏற்றதல்ல என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். கட்டணச் சேவைகள் சில எஸ்எம்எஸ்ஸில் ரகசிய எண் அனுப்பும், தொழிலாளருக்கு அது எளிது. ஆனால் அங்கே நிறுவனத்தின் சொல்லை நம்ப வேண்டியிருக்கும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: யார் வாக்களித்தார் என்ற பதிவும், என்ன வாக்கு என்ற பதிவும் தனித்தனியாக இருக்கின்றனவா? உங்கள் பணியாளர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? வாக்களிப்பு நடக்கும்போது இடைக்கால எண்ணிக்கையை யாராவது பார்க்க முடியுமா? உறுப்பினர் தரவு எப்போது அழிக்கப்படும்? தோற்ற தரப்பு சோதிக்கக் கேட்டால் எதைக் கொடுப்பீர்கள்? பதில் மின்னஞ்சலில் வர வேண்டும். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

முடிவைத் திறக்கும் சாவி யாரிடம் என்பதையும் கவனியுங்கள். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவரே முடிவைத் தன்னந்தனியாகப் பார்க்கலாம். எல்லாரும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைத்தால் ஒருவர் தொலைத்தாலும் போச்சு. 2025இல் சர்வதேசக் குறியாக்கவியல் ஆய்வுக் கழகத்தின் தேர்தலில் இதுதான் நடந்தது. ஹீலியோஸில் மூன்று பேரிடம் சாவி, மூன்றும் தேவை, ஒருவருடையது தொலைந்துவிட்டது, முடிவைத் திறக்கவே முடியாமல் மறுபடி தேர்தல் நடத்தினார்கள். குறியாக்கத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்த நிலை. எந்த முறையாக இருந்தாலும் மூவரில் இருவர் இருந்தால் திறக்கும்படி அமைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கடவுச்சொல்லாக அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்ணையோ பிறந்த நாளையோ வைக்காதீர்கள். எச்ஆரில் எல்லாருடைய அட்டை நகலும் இருக்கிறது, பிறந்த நாள் அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கத்திலேயே இருக்கிறது. ரகசிய எண்ணை மூடிய உறையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரில் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. லிங்க்கை வாட்சாப்பில் பரப்புவதைவிட, அதே உறைக்குள் இணைய முகவரியையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் மோசடிப் பயமும் தீரும்.

உண்மையான வாக்களிப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை வையுங்கள். கேள்வி ஏதாவது இருக்கட்டும், கேண்டீனில் நாசி கண்டாரா, தோசையா என்றுகூட. எண் வராதவர்கள், திரை உறைந்தவர்கள் எல்லாரும் அதில் வெளிப்பட்டுவிடுவார்கள். சங்க அறையில் ஒரு டேப்லெட்டும், உதவிக்கு ஒருவரும் இருக்கட்டும். உதவுகிறவர் திரைக்குப் பின்பக்கம்தான் நிற்க வேண்டும்.

இரண்டு வழியையும் கலக்கத்தான் வேண்டுமென்றால் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் மின்வழியைத் திறந்து, முழுவதும் மூடி, வாக்களித்தவர் பெயர்ப் பட்டியலை எடுத்துக் குறித்த பிறகுதான் காகிதப் பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒருவர் இரண்டு முறை வாக்களித்துவிடுவார், எந்த வாக்கை நீக்குவது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு எச்சரிக்கை: காகிதத்தில் நான்கைந்து பேர் மட்டும் வாக்களித்திருந்தால் அதைத் தனியாக எண்ணி அறிவிக்காதீர்கள், அவர்கள் ரகசியம் போய்விடும்.

7. செலவு

காகிதத்தில் அச்சுச் செலவு சிறியது. இரண்டு பக்கச் சுருக்கத்தை எல்லா மொழியிலும் அச்சடிப்பதுதான் வாக்குச் சீட்டைவிட அதிகமாகும். ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியும் பூட்டும் ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும். உண்மையான செலவு ஆட்களின் நேரம். சோதனைக் குழுவில் இருப்பவர்கள் ஓடி (ஓவர்டைம்) இழப்பார்கள், பாலத்தில் டோலும் பெட்ரோலும் ஆகும். நிர்வாகம் சங்கப் பணிக்கு விடுப்புத் தரும் என்று பழைய ஒப்பந்தத்தில் விதி இருக்கிறதா என்று பாருங்கள், பல ஒப்பந்தங்களில் உண்டு.

கட்டணச் சேவைகள் பெரும்பாலும் வாக்காளர் எண்ணிக்கையைப் பொறுத்து விலை சொல்லும். அமெரிக்க டாலரில் விலை போட்டிருந்தால் மாற்று விகிதத்தையும் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், அந்த வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. எஸ்எம்எஸ் தனிக் கட்டணமா, ஒத்திகைக்கும் காசா என்று கேளுங்கள். செயலவை உறுப்பினரின் சொந்த அட்டையில் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் வழக்கம் வேண்டாம். தீர்மானம், விலைப்பட்டியல், ரசீது மூன்றும் பொருளாளர் கோப்பில் இருந்தால்தான் ஆண்டறிக்கைக்குக் கணக்குத் தணிக்கை செய்யும்போது தலைவலி இருக்காது.

8. நாள் குறிக்கும்போது

வரைவு கைக்கு வந்த நாளிலிருந்து வாக்களிப்புக்குக் குறைந்தது ஐந்தாறு வாரம் ஒதுக்குங்கள். பட்டியலுக்கு இரண்டு வாரம், ஆட்சேபத்துக்கு ஒரு வாரம், சுருக்கம் மொழிபெயர்க்க ஒரு வாரம், விளக்கக் கூட்டங்களுக்கு ஒரு வாரம். விளக்கக் கூட்டத்தை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தனியாக வைக்க வேண்டும். இரவு ஷிஃப்ட்காரர்களைப் பகலில் வரச் சொல்வது அவர்களை வராதே என்று சொல்வதற்குச் சமம்.

சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி வாரங்களைத் தவிருங்கள். தைப்பூசத்தையும் மறக்காதீர்கள், தண்ணீர்மலைக்குப் போகிற நம்மவர்கள் அந்த வாரம் முழுக்க விடுப்பில் இருப்பார்கள். காலாண்டு முடிவில் உற்பத்தி அவசரமும் ஓடியும் இருக்கும், அப்போது வருகை குறையும். நிர்வாகம் "இந்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் போனஸ்" என்று அவசரப்படுத்தினால், வாக்கெடுப்பு அட்டவணையை எழுத்தில் அனுப்பி, அந்தத் தேதியைத் தள்ளிவைக்கக் கேளுங்கள்.

9. எண்ணிய பிறகு

எல்லாப் பெட்டிகளின் சீட்டுகளையும் ஒரே மேசையில் கொட்டிக் கலந்த பிறகுதான் எண்ண வேண்டும். பெட்டி வாரியாக எண்ணினால் எந்த ஷிஃப்ட் எதிர்த்தது என்று நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும், அந்த ஷிஃப்டுக்கு அது நல்லதல்ல. அச்சடித்த சீட்டு, பயன்படுத்தியது, கெட்டது, மிச்சம் ஆகியவற்றின் கணக்கு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதையும் அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். சோதனைக் குழுவில் எல்லாரும் கையெழுத்திட்ட அறிக்கையைப் படமெடுத்து, அதே இடத்தில், அதே மணிநேரத்தில் உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். மின்வழியில் என்றால் முடிவைத் திறக்கும்போது எதிர்த்தவர்களின் பிரதிநிதியும் அறையில் இருக்க வேண்டும்.

சீட்டுகளையும் கையெழுத்துப் பட்டியலையும் தனித்தனி உறையில் முத்திரையிட்டு வையுங்கள், ஒன்றாகக் கட்ட வேண்டாம். புகார் காலம் எவ்வளவு, எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும் என்று சங்க விதியைப் பார்த்து, உறையின் மேலேயே தேதியை எழுதிவிடுங்கள்.

ஏற்கப்பட்டால் கையெழுத்து நாள் வரும். கையெழுத்திட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து ஒப்பந்தத்தைத் தொழிலியல் நீதிமன்றப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். நிர்வாகம் செய்துவிடும் என்று சங்கமும், சங்கம் செய்துவிடும் என்று நிர்வாகமும் இருந்து நாள் கடந்துவிடுவதுண்டு. ஆகவே யார் கொண்டுபோவது என்பதைக் கையெழுத்து நிகழ்ச்சி அன்றே முடிவு செய்து, ஒப்படைத்ததற்கான முத்திரையிட்ட நகலைச் சங்கக் கோப்பில் வையுங்கள். சில விதிகளைத் திருத்தச் சொல்லி நீதிமன்றம் திருப்பி அனுப்பவும் கூடும். திருத்தம் பணத்தையோ விடுப்பையோ தொடுகிறது என்றால் உறுப்பினர்களுக்கு உடனே தெரிவியுங்கள்.

பின்தேதியிட்ட சம்பள உயர்வு இருந்தால் அந்த நிலுவை எந்த மாதச் சம்பளத்தில் வரும் என்பதை எழுத்தில் வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அந்த மாதச் சம்பளச் சீட்டில் உயர்வும், நிலுவையும், அதற்கான இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடித்தமும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று ஷிஃப்டுக்கு இருவருடைய சீட்டையாவது வாங்கிப் பாருங்கள்.